குழந்தையிடம் மட்டும் பேசிய டாக்டர்

அந்த டாக்டர் எங்களிடம் பேச மாட்டார். எங்களிடம் என்றால் பெரியவர்களிடம். குழந்தையோடு வந்த அம்மா, அப்பா, மாமா, அத்தை எல்லாரும் அவருக்குக் குடை, தண்ணீர் பாட்டில் மாதிரிதான். குழந்தை கொண்டுவந்த சாமான்கள். ஓரமாக இருந்தால் போதும்.

மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன மருத்துவமனை அது. மாடியில் தோல் பிரிவு. என் அக்கா மகள் ரோஷினியை அங்கே முதல் முறை கூட்டிப் போனபோது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், பீட்ரூட் சாறு கொட்டினாற்போல ஒரு சிவப்பு. பிறந்தபோதே இருந்தது. அவள் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். காலேஜ் முடித்து அடையாறில் ஒரு ஆபீசில் வேலை. அதனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, கேஸ்காரரோடு பேசுவது, ஆஸ்பத்திரி எல்லாமே என் தலையில். "நீ படிச்சவன், நீ பேசு" என்று அக்கா என்னை முன்னால் தள்ளிவிடுவாள். டாக்டரிடம் கேட்க நாலைந்து கேள்விகளை ஆங்கிலத்தில் தயார்செய்து, பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அறைக்குள் போனதும் அந்த டாக்டர் எழுந்துகொண்டார். குட்டையான உருவம், கழுத்தில் மெல்லிய வெள்ளிச் சிலுவை, காட்டன் புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர் போடுகிற ஷூ. தன்னுடைய சுழல் நாற்காலியில் ரோஷினியை உட்காரவைத்துவிட்டு, நோயாளிகள் உட்கார்கிற ஸ்டூலில் தான் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மேடம். யாருக்கு உடம்பு சரியில்ல?"

ரோஷினி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருக்கும் இல்ல" என்றாள்.

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"மாமாதான் இட்டுக்கினு வந்தாரு."

"மாமாவுக்கு என்ன பிரச்சினை?"

நான் இதுதான் சமயம் என்று முதல் ஆங்கில வாக்கியத்தை ஆரம்பித்தேன். டாக்டர் திரும்பாமலே கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம் சார். அவங்க பேசிட்டிருக்காங்க."

ரோஷினி அதற்கு முன்னால் யாரும் தன்னை 'அவங்க' என்று சொல்லிக் கேட்டதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் ஆங்கிலம் அன்றைக்கு வீட்டுக்கு அப்படியே திரும்பி வந்தது.

இதை ஒரு வேடிக்கை என்றுதான் முதலில் நினைத்தேன். குழந்தை டாக்டர் என்றால் குழந்தையைக் கொஞ்சத்தான் செய்வார்கள். ஆனால் அவர் கொஞ்சவே இல்லை. செல்லம், தங்கம் எதுவும் கிடையாது. எதிரே இருப்பது ஒரு முழு மனுஷி என்பதுபோல விவாதம் செய்தார். பல சமயம் தோற்றும் போனார்.

அந்த முதல் நாளிலேயே ரோஷினி ஒரு கேள்வி கேட்டாள். வீட்டில் காதில் விழுந்ததைத்தான் கேட்டாள். "எங்கம்மா கிரகணத்தப்போ வெளிய போனாங்களாம். அதான் இது வந்துச்சாம். அப்டியா?"

எங்களோடு வந்திருந்த அக்கா கீழே பார்த்தாள். அவள் மாமியார் வீட்டில் இந்தப் பேச்சு எத்தனை முறை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் கொஞ்சம்கூட அவசரப்படவில்லை. "இல்ல மேடம். நீங்க அம்மா வயித்துக்குள்ள பொடியா இருந்தப்போ உங்க கன்னத்துல ரத்தம் ஓடற குட்டிக் குட்டிக் குழாய் உருவாச்சு. அதுல சில குழாய் கொஞ்சம் அகலமா போயிடுச்சு. கிரகணம், சாப்பாடு, அம்மா போன இடம், எதுக்கும் இதுல சம்பந்தம் இல்ல. யாராவது திரும்பக் கேட்டா, டாக்டர் சொன்னாங்கன்னு நீங்களே சொல்லிடுங்க."

"எங்க ஆயாகிட்ட சொல்லவா?"

"முதல்ல அவங்ககிட்டதான் சொல்லணும்."

அக்கா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. குழந்தையிடம் சொன்னால் அந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் புரிந்துவிடும் என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பிறகு சிகிச்சையை விளக்கினார். லேசர் என்று ஒரு வெளிச்சம். அது பட்டால் குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்ளும். ஆனால் கொஞ்ச நாளில் சில திரும்ப முளைக்கும். அதற்குத்தான் தினமும் ராத்திரி ஒரு க்ரீம்.

"பாண்டி பஜார் போயிருக்கீங்களா? பிளாட்பாரக் கடையெல்லாம் கார்ப்பரேஷன் லாரி வந்து தூக்கிட்டுப் போகும். மறுநாள் திரும்ப வந்துடுவாங்க, இல்ல? லேசர்தான் அந்த லாரி. க்ரீம் என்னன்னா, அங்கேயே நின்னு திரும்ப வரவிடாம பார்த்துக்கற போலீஸ்காரர்."

ரோஷினியின் முகம் மாறிவிட்டது. "எங்க அத்த கடைய அப்டிதான் தூக்கினு பூட்டாங்க. கிளிப்பு, ஹேர்பேண்டு எல்லாம். எங்க அத்த அழுதாங்க."

டாக்டர் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஸாரி. தப்பான உதாரணம்."

"லாரி வேணாம்."

"லாரி வேணாம்" என்று ஒத்துக்கொண்டார் டாக்டர். அப்புறம் கோயில் குளம், ஆகாயத்தாமரை என்று எதையோ சொல்லிப் பார்த்தார். ரோஷினிக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ரோஷினியே, "குழாய மூடிட்டு மறுபடி தொறக்காம பாத்துக்கணும், அவ்ளோதானே" என்றாள். டாக்டர் நர்ஸைப் பார்த்து, "இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்லிடலாம்" என்றார்.

அந்த க்ரீமைப் பற்றி நான் ஃபோனில் தேடியதில், அதே மருந்தைக் கிட்னி மாற்றினவர்களுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்கள் என்று இருந்தது. அடுத்த முறை போனபோது பயந்துகொண்டே கேட்டேன். பதில் ரோஷினிக்குத்தான் போனது. "உங்க மாமா நல்லா படிச்சிருக்கார். மருந்து அதேதான். ஆனா நீங்க தோல்மேல கொஞ்சூண்டு தடவறீங்க, முழுங்கல. உள்ள போறது ரொம்பக் கம்மி. இருந்தாலும் நடுவுல ரத்தம் எடுத்துப் பார்ப்போம். கண்ணுக்குக் கிட்ட, புண்ணு மேல தடவக் கூடாது. இது எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. சில குழந்தைங்களுக்கு லைட் மட்டுமே போதும். சிலருக்கு ரெண்டும் சேர்ந்தாதான் நல்லா மங்குது. உங்களுக்கு எப்படின்னு நாம ரெண்டு பேருமா பார்த்துடலாமா?"

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். லேசர் கன்னம் முழுவதற்கும். க்ரீம் மட்டும் முதலில் கீழ்ப் பாதிக்கு. எந்தப் பாதி சீக்கிரம் வெளுக்கிறது என்று ரோஷினிதான் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஹவுசிங் போர்டில் வளர்கிற பிள்ளை அல்லவா, அவள் உடனே பெயர் வைத்துவிட்டாள். கீழ் வீடு, மேல் வீடு. கண்ணை ஒட்டி இருந்த பட்டைக்கு மொட்டை மாடி. டாக்டரும் அதற்குப் பிறகு கன்னம் என்று சொல்லி நான் கேட்கவில்லை.

அவருடைய இடது மணிக்கட்டில் எப்போதும் ரப்பர் பேண்டுகள் இருக்கும். லேசர் அடிக்கிற அறைக்குள் போவதற்கு முன்னால் குழந்தை கேட்கும், "வலிக்குமா?" என்று. எல்லா அம்மாக்களும் ஒரே குரலில் "வலிக்காது கண்ணு" என்பார்கள். டாக்டர், "வலிக்கும்" என்பார். "எவ்ளோன்னா, இந்த ரப்பர் பேண்டை இழுத்து விட்டா சுள்ளுனு இருக்குமே, அவ்ளோ. மரத்துப்போற க்ரீம் தடவி, ஜில்லுனு காத்தும் அடிப்போம். அப்பவும் கொஞ்சம் இருக்கும். முதல்ல எனக்கு அடிச்சுப் பாருங்க."

கையை நீட்டுவார். குழந்தைகள் தயவு தாட்சண்யம் பார்க்காது. ரோஷினி அவரை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கும்" என்றாள். எனக்கும் விழுந்தது. ஓ.பி. முடிகிற நேரத்தில் டாக்டரின் மணிக்கட்டைப் பார்த்தால் அவருக்குத்தான் சிகிச்சை தேவை என்று தோன்றும்.

வடபழனியிலிருந்து ஒரு பையன் வருவான். தன் மூக்கில் க்ரீம் தடவினால் டாக்டர் மூக்கிலும் தடவ வேண்டும் என்று ஒப்பந்தம். மருந்தைச் சும்மா தடவ முடியாது என்று அவர் வாஸ்லைனுக்குப் பேசி முடித்தார். மூக்கு நுனி மின்ன, பெரிய டாக்டர்களோடு வராந்தாவில் நின்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். யாராவது சொல்ல வந்தால், "தெரியும், தெரியும்" என்றார்.

ஒருமுறைதான் அவர் கோபப்பட்டு நான் பார்த்தேன். லேசருக்காக ரோஷினியின் கன்னத்தைத் துடைத்த நர்ஸின் பஞ்சில் கறுப்பு ஒட்டியது. மை. ஊர்க் கண் பட்டுவிடும் என்று அக்கா சிவப்பின் நடுவிலேயே திருஷ்டிப் பொட்டு வைத்துக் கூட்டி வந்திருந்தாள். மேலே பவுடர் பூசி மறைத்தும் இருந்தாள். டாக்டர் மெஷினை நிறுத்தச் சொன்னார். கறுப்பின்மேல் அந்த வெளிச்சம் பட்டால் மை சூடாகித் தோல் வெந்துபோகும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

"மேடம், இந்தப் பொட்டை வேற எங்கேயாவது மாத்த முடியுமா?" குரல் இறுக்கமாக இருந்தது. ஆனாலும் கேள்வி ரோஷினிக்குத்தான்.

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னா டாக்டர், எல்லாரும் மூஞ்சியத்தானே பாக்குறாங்கோ. பொட்ட வேற எங்க வெக்கிறது?"

ரோஷினி யோசித்தாள். "உள்ளங்கால்ல வெக்கலாம். எதிர்வூட்டுப் பாப்பாக்கு அங்கதான் வெக்கிறாங்கோ."

"கண்ணு படாம இருக்க உள்ளங்காலே போதுமா?" என்று டாக்டர் அக்காவிடம் அல்ல, ரோஷினியிடம் கேட்டார்.

"ரெண்டு கால்லயும் வெச்சா போதும்."

அப்படியே முடிவானது. பஞ்சு வெள்ளையாக வருகிறவரைக்கும் நர்ஸை மறுபடி மறுபடி துடைக்கச் சொல்லி, டாக்டர் விளக்கைப் பிடித்துத் தானே பார்த்தார். அதற்குப் பிறகுதான் மெஷின்.

லேசர் அடித்த இடம் முதலில் இன்னும் மோசமாகத்தான் தெரியும். நாவல்பழம் நசுக்கினாற்போலக் கருநீலம். ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல் இருந்து பிறகு வடியும். டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், எங்களுக்குத் தெரியும். எங்கள் பிளாக்குக்குத் தெரியாதே. "இன்னாப்பா, கொழந்தைய இப்டியா போட்டு அடிப்ப?" என்று கீழ்த்தளத்துக்காரர் ஒருவர் அக்கா வீட்டுக்காரரின் ஆட்டோவை மறித்துச் சண்டைக்கு நின்றார். அது சிரித்து முடிந்தது. ஆனால் ஸ்கூலில் ஒரு பையன் அவளை ரோஷினி என்று கூப்பிடாமல் வேறு என்னவோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அது முடியவில்லை.

அடுத்த தடவை நாங்கள் போனபோது ரோஷினி சுழல் நாற்காலியில் ஏறவில்லை. என் கால்களுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னைக்கு லைட் பார்க்கலாமா மேடம்?"

"வேணாம்."

"ஏன்னு சொல்ல இஷ்டமா?"

"இல்ல."

டாக்டர் தலையாட்டினார். "சரி. வேணாம்னா வேணாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கிறேன். அக்கா தைக்கிற கடையில் தீபாவளி நெருக்கத்தில் அனுமதி கேட்டு வந்திருக்கிறாள். எல்லாவற்றையும்விட, வயது ஏற ஏறச் சிவப்பு தடித்துவிடும், இப்போதே செய்வது நல்லது என்று இதே டாக்டர்தான் சொல்லியிருந்தார். "டாக்டர், நாலு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும்? நான் பிடிச்சுக்கறேன், நீங்க அடிங்க" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். வராந்தாவில் பேச்சு நின்றது.

அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"பிடிச்சா இன்னைக்கு முடிச்சிடலாம் சார். அதுக்கப்புறம் இந்தத் தெரு முனையைப் பார்த்தாலே அழுவா. எனக்கு இவ ஒரு தடவை போதாது, பல தடவை வரணும். உசுருக்கு ஆபத்துன்னா நானே பிடிச்சிருப்பேன். இது அப்படி இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. நல்லா வந்துட்டிருக்கு. இப்ப விட்டா குழாய் திரும்பத் திறக்கலாம். திறக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல" என்றார்.

பிறகு ரோஷினியிடம் குனிந்து, க்ரீம் ட்யூபை அவள் கையிலேயே கொடுத்தார். கருநீலம் முழுக்க வடிந்திருந்தது. கீழ் வீடு மேல் வீட்டைவிட வெளுத்திருப்பது அவளுக்கே தெரிந்துவிட்டதால், இனிமேல் மேல் வீட்டுக்கும் தடவலாம், மொட்டை மாடிக்குப் போகக் கூடாது என்றார். "லைட் என் வேலை. இது உங்க வேலை. உங்க வேலைய நீங்க பார்க்கறீங்களா?"

ரோஷினி ட்யூபை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது அக்கா என்னைத் திட்டித் தீர்த்தாள். "படிச்சவன்னுதானே உன்ன இட்டுக்கினு போறேன். ஒரு வார்த்த பேசி முடிக்கத் தெரியல." எனக்கும் அந்த டாக்டர்மேல் ஆத்திரம் இருந்தது. நல்ல டாக்டர் என்றால் குழந்தை அழுதாலும் மருந்து புகட்டுவார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கன்னம் பழையபடி ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

ஆனால் ரோஷினி அவள் வேலையை விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கை கழுவி, கண்ணாடி முன்னால் நின்று, ஒரு விரலால் தடவுவாள். நாங்கள் கிட்டே போனால், "உன் வேலைய பாரு" என்பாள். அக்கா வீட்டுக்காரர் ஒருநாள் கிண்டலாக, "இன்னாம்மா, கீழ் வூட்டுக்கு வாடக வாங்கிட்டியா?" என்றார். "காலி பண்ணினு இருக்காங்கோ" என்றாள் இவள். உண்மைதான். லேசர் இல்லாத அந்த வாரங்களிலும் சிவப்பு திரும்பி வரவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேரம் ஆடிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். "மாமா, டாக்டராண்ட போலாம். ஆனா நான் சொல்ற மாதிரிதான்."

அவள் சொன்ன மாதிரிதான் நடந்தது. லேசர் அறையில் கட்டில் கூடாது. காது குத்தினபோது உட்கார்ந்தது போல மாமா மடியில்தான் உட்காருவாள். கையை உயர்த்தினால் டாக்டர் உடனே நிறுத்த வேண்டும். கருநீலம் முழுக்க வடிந்த பிறகுதான் ஸ்கூல். டாக்டர் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டு, கடைசியில் மட்டும் பேரம் பேசினார். பாதி வடிந்தால் போகலாமே என்று. முடியாது என்றாள். சரி என்றார்.

தாய் மாமன் மடி என்பது காதுகுத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த நான், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண் மூடிகளோடு இருந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடின கண்ணுக்குள்ளும் மஞ்சளாக வெட்டுகிற வெளிச்சம். ஒவ்வொரு சுள்ளுக்கும் அவள் என் கட்டைவிரலை நசுக்கினாள். நடுவில் கையை உயர்த்தினாள். டாக்டர் அந்தக் கணமே நிறுத்தினார். ரோஷினி, "சும்மா பாத்தேன்" என்றாள். "தெரியும். அடிக்கலாமா?" "அடிங்க."

அதற்குப் பிறகு அவள் எந்த முறையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போனோம். கீழ் வீடு காலியாகிவிட்டது. மேல் வீட்டில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு ரோஸ். மொட்டை மாடியில் கொஞ்சம் அழுத்தமான ஒரு திட்டு, புளியங்கொட்டை அளவு. டாக்டர் ஒவ்வொரு தடவையும் ரோஷினியிடம் கேட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தார். வேறு டாக்டர்களுக்குக் காட்ட வேண்டும் என்று, அதையும் ரோஷினியிடமே கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். அந்தப் படங்களை வரிசையாக எங்களுக்குக் காட்டும்போது அவர் முகம் பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை முகம் போல இருக்கும்.

"இன்னும் கொஞ்சம்தான் மேடம். மொட்டை மாடியும் போயிட்டா முடிஞ்சது" என்றார் ஒருநாள்.

ரோஷினி நாற்காலியை மெதுவாகச் சுற்றி நிறுத்தினாள். "போதும் டாக்டர்."

"இன்னைக்குப் போதுமா?"

"இல்ல. எப்பவும். இது இருக்கட்டும்."

அக்கா பதறினாள். "ஏய், இன்னா பேசுற நீ? இவ்ளோ பண்ணிட்டு..."

டாக்டர் கையை உயர்த்தினார். அக்கா நிறுத்தினாள். "ஏன்னு சொல்ல இஷ்டமா?"

இந்த முறை இஷ்டம் இருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாக் கூட்டத்தில் ரோஷினி கை நழுவித் தொலைந்துபோய்விட்டாள். போலீஸ் பூத்தில் மைக்கில் கூப்பிட்டுத்தான் கிடைத்தாள். "கண்ணுக்குக் கீழ ரோஸ் மச்சம் இருக்கற பொண்ணுன்னு மைக்ல சொன்னாங்க. ஒரு பூக்காரம்மா உடனே என்னப் பாத்து கண்டுபுடிச்சிட்டாங்க."

டாக்டர் விடவில்லை. "மைக்ல பேரு சொன்னா போதாதா?"

"அங்க இன்னொரு ரோஷினியும் தொலஞ்சு போயிருந்தா."

"சட்டை கலரைச் சொல்லலாமே."

"எல்லாரும் புதுச் சட்டதான் போட்டிருந்தாங்க. அம்மாக்கு கலரே ஞாபகம் வரல."

உண்மைதான், அக்காவுக்கு ஞாபகம் வரவில்லை.

டாக்டர் விதவிதமாகப் பேசிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கலாமே என்றார். யோசிச்சாச்சு என்றாள். அப்புறம் தடிச்சுப் போனா என்றார். அப்ப வரேன் என்றாள். நான் வேறு ஊருக்குப் போயிட்டா என்றார், அப்போதே அவருக்கு மாற்றல் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அங்க வரேன் என்றாள். எனக்கு நடுவில் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அது யார் கன்னம் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கடைசியில் டாக்டர் எங்களைப் பார்த்தார். "முடிவு பண்ணிட்டாங்க. ஆபத்து ஒண்ணும் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது பார்த்தா போதும்." அப்புறம் போட்டோக்கள் இருந்த திரையின் பக்கம் திரும்பி, யாரிடம் சொல்கிறோம் என்று இல்லாமல், "எவ்வளவு அழகா வந்திட்டிருந்தது" என்றார். உதடு கொஞ்சம் பிதுங்கியிருந்தது.

ரோஷினி நாற்காலியிலிருந்து இறங்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் தோளை எட்டிப் பிடித்து, இரண்டு தட்டு தட்டினாள்.

"பரவால்ல டாக்டர். நீங்க நல்லாதான் பண்ணீங்க."